அகதியா, தாயகம் திரும்பியவரா? இரண்டு ஆங்கிலச் சொற்களும் தேயிலைத் தோட்ட மக்களின் உரிமையும்

தேவாலா கடைவீதியில் 'சிலோன்காரர்' என்றால் யார் என்று எவரும் விளக்கம் கேட்பதில்லை. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் கொழுந்து பறிக்கவும் கவாத்து வெட்டவும் 1970-களில் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றுவரை அப்பெயரால் அழைக்கப்படுகிறார்கள். வாய்த்தகராறு முற்றும்போது அந்தப் பெயர் 'அகதி' என்று மாறிவிடுகிறது. இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே பள்ளி முடித்து, ஒவ்வொரு தேர்தலிலும் வாக்களிக்கும் ஓர் இளைஞரை நோக்கி இச்சொல் வீசப்படுவதை நாம் வசையாக மட்டும் கருதிக் கடந்துவிடுகிறோம். அதே சொல் ஓர் அரசு அலுவலகத்தின் விண்ணப்பத்தில் ஏறும்போது அவருடைய சாதிச் சான்றிதழையும், கல்வி உதவித்தொகையையும், வீட்டுமனை உரிமையையும் பறிக்கும் ஆற்றல் பெற்றுவிடுகிறது.

குழப்பத்தின் வேர் இரண்டு ஆங்கிலச் சொற்களில் இருக்கிறது. ஒன்று 'ரெஃப்யூஜி', மற்றொன்று 'ரிபேட்ரியேட்'. தமிழில் முன்னதை 'அகதி' என்றும் பின்னதைத் 'தாயகம் திரும்பியோர்' என்றும் எழுதி வருகிறோம். இவ்விரண்டும் ஒரே பொருளின் இரு வடிவங்கள் என்ற எண்ணம், மக்களுக்காக மனு எழுதித் தரும் நம் தோழர்களிடமும் காணப்படுகிறது.

'ரெஃப்யூஜி' பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. 1685-இல் பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்ட் கிறித்தவர்களுக்கு இருந்த வழிபாட்டுரிமையை ரத்து செய்தபோது இங்கிலாந்துக்குத் தப்பிவந்த ஹியூகனாட் மக்களைக் குறிக்கவே அச்சொல் ஆங்கிலத்தில் பரவியது. புகலிடம் தேடி அடைந்தவர் என்பது அதன் பொருள். தேடுபவர், நடப்பவர், அடைபவர் எல்லாம் அம்மனிதரே. 'ரிபேட்ரியேட்' இலத்தீன் மூலம் கொண்டது. தந்தையர் நாட்டைக் குறிக்கும் 'பாட்ரியா' அதனுள் இருக்கிறது. ஒருவரை அவருடைய நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல் என்பது வினைச்சொல்லாக அதன் பொருள். பெயர்ச்சொல்லாக வரும்போது அவ்வாறு அனுப்பப்பட்டவரைக் குறிக்கும். இங்கே செயலைச் செய்வது அரசு. மனிதர் அதற்கு உட்படுபவர்.

தமிழில் இது தலைகீழாகிவிட்டது. புகலிடத்தைத் தேடி அடைந்தவர், கதியற்றவர் என்னும் பொருளுடைய 'அகதி' ஆனார். தனித்தமிழில் எழுதும் 'ஏதிலி'யும் அதே கையறு நிலையைத்தான் சொல்கிறது. மாறாக, அரசுகளால் திருப்பி அனுப்பப்பட்டவர், தாமாகப் புறப்பட்டு வீடு வந்து சேர்ந்தவரைப் போலத் 'தாயகம் திரும்பியோர்' ஆனார். அனுப்பியவர் யார் என்ற கேள்வி இந்த மொழிபெயர்ப்பில் மறைந்துபோகிறது. இலத்தீனின் தந்தை நாடு தமிழில் தாயின் வீடாக மாறியதால், ஒரு கசப்பான நிகழ்வுக்குத் திருமண வீட்டு வாசமும் கிடைத்துவிட்டது.

அனுப்பியவர்கள் யார் என்பது ஆவணங்களில் தெளிவாக இருக்கிறது. 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு அவர்களுடைய வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் பிரித்துக்கொண்டார்கள். 1974-இல் அந்த மிச்சமும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக்கப்பட்டது. மலையக மக்களின் தொழிற்சங்கத் தலைவர்களிடம் ஒப்புதல் பெறப்படவில்லை.

அவ்வாறு பிரிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்தாலும் பண்ணையடிமைத்தனத்தாலும் கங்காணிகளின் பின்னே போனவர்களின் வழித்தோன்றல்கள். 1970-களில் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். இந்தியாவைப் பார்த்தே இராதவர்கள். கண்ணால் காணாத ஊருக்கு ஒருவர் எப்படித் 'திரும்ப' முடியும்? விரும்பித்தானே விண்ணப்பித்தார்கள் என்று கேட்பவர்கள், 1973-74-இல் இலங்கைத் தோட்டங்களில் நிலவிய பட்டினியையும், 1977-இல் லயன்களைச் சூழ்ந்த வன்முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'.

தாயகம் என்ற சொல்லின் மீது நமக்குத் தனியாக ஒரு ஐயமும் உண்டு. 1931-இல் பம்பாயில் காந்தியைச் சந்தித்த அண்ணல் அம்பேத்கர், தமக்குத் தாயகம் என்று ஒன்று இல்லை என்று அவரிடமே கூறினார். சேரியிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவரின் பேரன், மூன்று தலைமுறை கழித்து அதே சேரியைத் தாயகம் என்று ஏற்றுத் திரும்பினான் என்பது அரசாணை எழுதியவரின் கற்பனையாக இருக்கலாம். வந்தவர்களில் பலர் சொந்த ஊர்களில் தங்க முடியாமல் நீலகிரிக்கு ஏறியது, ஊர் அவர்களை வரவேற்ற விதத்தைச் சொல்லும்.

இத்தனைக்குப் பிறகும் நாங்கள் மனுக்களில் 'தாயகம் திரும்பியோர்' என்றே எழுதுகிறோம், பிறரையும் அவ்வாறே எழுதச் சொல்கிறோம். வரலாறாகப் பார்த்தால் பொய் கலந்த அச்சொல், சட்டத்தில் மிக வலிமையானது.

ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர்கள் கப்பலேறும் முன்பே இந்தியக் குடிமக்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டம், 1955-இன் பிரிவு 5(1)(ஆ), வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினரைக் குடிமக்களாகப் பதிவு செய்ய வழி தருகிறது. இலங்கையிலிருந்த இந்தியத் தூதரகம் விண்ணப்பங்களைப் பரிசீலித்து, குடியுரிமைப் பதிவு செய்து, இந்தியப் பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் கையில் கொடுத்த பின்னரே அவர்கள் புறப்பட்டார்கள். ராமேசுவரத்தில் இறங்கியபோது அவர்கள் எவரிடமும் தஞ்சம் கேட்கவில்லை. இந்தியக் குடிமக்களாக இந்தியாவுக்குள் நுழைந்தார்கள். இவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் பிறப்பால் குடிமக்கள்.

'ரெஃப்யூஜி'க்கு இந்தியச் சட்டத்தில் இப்படி ஓர் இடம் கிடையாது. 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலோ அதன் 1967 நெறிமுறையிலோ இந்தியா கையெழுத்திடவில்லை. உலகின் பல நாடுகளில் அச்சொல் ஓர் உரிமையின் பெயர். துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கடமை அதனுடன் வருகிறது. இங்கோ சட்டத்தின் கண்ணில் இருப்பவர் இருவர்தாம்: குடிமகன், வெளிநாட்டவர். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்த பின்னும் இதில் அடிப்படை மாற்றமில்லை. முகாமில் பதிவுபெற்ற அகதி, அரசின் இரக்கத்தால் தங்கவைக்கப்பட்ட வெளிநாட்டவர். 2003-இன் திருத்தத்துக்குப் பிறகு, உரிய ஆவணமின்றிப் படகில் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வகைக்குள் அடைக்கப்பட்டார். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் பெயரைச் சொல்லி, இலங்கையை விட்டுவிட்டது.

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் இவ்வேறுபாட்டைத் தங்கள் கையிலிருக்கும் அறிவிக்கையிலேயே காணலாம். ஒன்றியப் பணியாளர் தேர்வாணையத்தின் தகுதிப் பத்தியில் 'ரெஃப்யூஜி' என்ற சொல், 1962 ஜனவரி 1-க்கு முன் வந்த திபெத்தியருக்கு மட்டுமே வருகிறது. இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களை அப்பத்தி, நிரந்தரமாகக் குடியேறும் நோக்கத்துடன் வந்த இந்திய வம்சாவளியினர் என்றே குறிக்கிறது. பழைய அறிவிக்கைகளில் வயது வரம்புச் சலுகை பெறுவோர் பட்டியலில், 1964 நவம்பர் 1-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு 'ரிபேட்ரியேட்' என்ற சொல்லே ஆளப்பட்டது. ஒன்றிய அரசின் எழுத்தருக்கு இருந்த இந்தத் தெளிவு உள்ளூர் அலுவலக மேசைகளுக்கு இறங்கி வரவில்லை என்பதுதான் சிக்கல்.

எங்களிடம் வந்த ஒரு மாணவியின் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டிருந்தது. கணினி மையத்தில் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவர், குறிப்புப் பகுதியில் 'இலங்கை அகதிக் குடும்பம்' என்று சேர்த்திருந்தார். இரக்கம் பிறக்கும் என்று எண்ணியிருக்கக்கூடும். விண்ணப்பம் போன அலுவலகத்தில் அதைப் படித்தவர், வெளிநாட்டவருக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடையாது என்று எழுதித் திருப்பிவிட்டார். அவர் கூறிய விதி சரியானதே. அது பொருந்தாத ஒரு குடும்பத்தின் மீது அதைப் பொருத்தியது ஒரு சொல்தான். பாட்டியின் பழைய பாஸ்போர்ட்டின் நகலை இணைத்து, 'இந்திய-இலங்கை ஒப்பந்தம், 1964-இன்படி தாயகம் திரும்பிய இந்தியக் குடிமக்கள்' என்று திருத்தி எழுதிய பின்னரே கோப்பு நகர்ந்தது.

அவ்வாறு எழுதினாலும் இன்னொரு கேள்வி வரும். பட்டியல் சாதிகள் ஆணை பிறப்பிக்கப்பட்ட 1950-இல் உங்கள் குடும்பம் எங்கே இருந்தது என்பார்கள். 1990-இல் உச்ச நீதிமன்றம் அளித்த மாரி சந்திரசேகர ராவ் தீர்ப்பையும் சிலர் காட்டுவார்கள். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கும் அதே தகுதியைக் கோர முடியுமா என்பதே அவ்வழக்கின் கேள்வி. நம் மக்கள் ஒரு மாநிலத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனவர்கள் அல்லர். அவர்களுடைய பூர்வீக ஊர்கள் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்தவை. தாமோ, பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால்தான் அன்றைய சட்டப்படி ஒருவர் இந்திய வம்சாவளியினராகக் கருதப்பட்டார். குடியுரிமை வழங்கியபோதே அரசு அந்த வேரை ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரு கையால் வம்சாவளியை ஏற்று நாட்டுக்குள் அழைத்தவர்கள், மறு கையால் அந்த வம்சாவளியின் சாதி ஒடுக்குமுறையை மட்டும் மறுக்க முடியாது என்று வாதிட இங்கே இடமிருக்கிறது. 'அகதி' என்று எழுதிய மறுகணம் இவ்வாதம் முழுவதும் நம் கையைவிட்டுப் போய்விடும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இதன் விளைவு தெரிகிறது. பொதுவிடத்தில் ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கில் அவமதிப்பது பிரிவு 3(1)(ஆர்)-இன் கீழ் குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். சான்றிதழ் கையில் இல்லாதபோது அப்பிரிவைச் சேர்க்கக் காவல் நிலையங்கள் தயங்குகின்றன. ஆக, 'அகதி' என்று ஏசப்பட்டவர், 'அகதி' என்று பதிவானதாலேயே அந்த ஏச்சுக்கு எதிரான சட்டத்தைப் பயன்படுத்த முடியாமல் போகலாம்.

பிற நாடுகளிலும் இந்தச் சொற்போர் நடந்திருக்கிறது. 1962-இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபோது அங்கிருந்து வெளியேறிய ஐரோப்பிய வம்சாவளியினரை, 1961 டிசம்பரிலேயே இயற்றிய ஒரு சட்டத்தின் வழியே பிரான்ஸ் 'தாயகம் திரும்பியோர்' என்று வரவேற்றது. அவர்களில் பெரும்பாலோர் அல்ஜீரியாவில் பிறந்தவர்கள்தாம். பிரெஞ்சுப் படையில் துணைவீரர்களாகப் போரிட்ட ஹார்க்கிகள் என்னும் அல்ஜீரிய முஸ்லிம்களோ, ரிவ்சால்ட் போன்ற முள்வேலி முகாம்களில் வைக்கப்பட்டார்கள். 2005-இல் கத்ரினா புயலால் நியூ ஆர்லியன்ஸ் நகரை விட்டு வெளியேறிய கறுப்பின மக்களை ஊடகங்கள் 'ரெஃப்யூஜி' என்று எழுதியபோது ஜெஸ்ஸி ஜாக்சன் போன்ற தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அமெரிக்கக் குடிமக்களை அந்நியராக்கும் சொல் அது என்பதே அவர்களின் வாதம். தேவாலாவில் நாம் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் நம்மில் சிலர் இங்கே ஒரு படி கூடுதலாகப் போய்விடுகிறார்கள். 'நாங்கள் அகதிகள் அல்லர்' என்ற வாக்கியம், 'அவர்களைப் போன்றவர்கள் அல்லர்' என்று நீளும்போது நமக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்த 'அவர்கள்' யார்?

ஒப்பந்தத்தின் காலம் 1981-இல் முடிந்தது. போரினால் 1984-இல் தலைமன்னார் கப்பலும் நின்றது. அதற்குள் சுமார் நான்கரை லட்சம் பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். 1983 ஜூலை வன்முறைக்குப் பின் அவர்களிலும் பலர் படகேறித் தமிழகம் வந்தார்கள். ஒரே தோட்டம், ஒரே லயன், சில குடும்பங்களில் ஒரே தாயின் பிள்ளைகள். 1976-இல் கப்பலில் வந்த அண்ணன் தாயகம் திரும்பியவர், 1985-இல் படகில் வந்த தங்கை அகதி. அண்ணனுக்கு டேன்டீயில் வேலையும் வாக்காளர் அட்டையும். தங்கைக்கு முகாமில் ஓர் அறையும் வருகைப் பதிவும். இருவரையும் முதலில் வாங்கிக்கொண்டது மண்டபம் முகாம்தான். பிரிட்டிஷார் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்பும் முன் தனிமைப்படுத்தி வைத்த இடமும் அதுவே.

இன்னொரு முரணையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் வழக்கில் 'ரிபேட்ரியேஷன்' என்பது, அகதி தாம் விட்டுவந்த நாட்டுக்குத் திரும்புதல். 1992 முதல் முகாம் மக்களை இலங்கைக்கு அனுப்பியபோது இச்சொல்லே ஆளப்பட்டது. அண்ணனை இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த அதே சொல், தங்கையை இந்தியாவிலிருந்து இலங்கைக்கு அனுப்பும். ஒரு தாயின் பிள்ளைகளுக்குக் கடலின் இரு கரைகளிலும் ஒவ்வொரு 'தாயகம்'!

2021-இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. மரியாதையைக் கருதிய மாற்றம் என்ற அளவில் அதை வரவேற்றோம். பலகை மாறியதால் உள்ளே இருப்பவரின் சட்டநிலை மாறவில்லை. தாயகம் திரும்பியோருக்கும் 'மறுவாழ்வு' என்ற அதே சொல்லைத்தான் அரசு முன்பிருந்தே பயன்படுத்தி வந்தது என்பதால் அலுவலகக் குழப்பம் சற்றுக் கூடவும் செய்தது. முகாம் மக்களுக்கு உண்மையான பயன் தந்தவை நீதிமன்ற ஆணைகளே. 2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், முகாமில் வாழும் மலையக வம்சாவளியினர் குடியுரிமைக்குப் புதிதாக விண்ணப்பிக்க அனுமதித்து, அவற்றைப் பரிசீலிக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் குடிமகன் என்பதை வைத்து, மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்க அதே கிளை 2022-இல் ஆணையிட்டது. முகாம்களில் இந்த வயதுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிறப்புச் சான்றிதழ்களைத் தேடி எடுப்பது நம் தோழர்கள் உடனே செய்யக்கூடிய வேலை.

தேவாலா, பாண்டியாறு, நெல்லியாளம், கொளப்பள்ளி, சேரம்பாடி, சேரங்கோடு என்று விரியும் டேன்டீ பகுதிகளில் இப்போது நெருக்கும் கேள்வி வீடு. 2022-இல் டேன்டீ வசமிருந்த 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. ஓய்வுபெற்ற தொழிலாளி லயன் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்ற விதியும் தலைக்கு மேல் நிற்கிறது. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் ஜன்மம் நிலச் சிக்கல் தீராததால் வெளியே பட்டா மனை கிடைப்பது அரிது; காலியிடத்தில் குடிசை போட்டால் 'ஆக்கிரமிப்பாளர்' என்ற மூன்றாவது பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த இடத்தில் 'ரிபேட்ரியேட்' என்ற சொல்லின் இலக்கணத்தை நாம் அரசுக்கு நினைவூட்ட வேண்டும். அனுப்பியது, ஏற்றது, இங்கே குடியமர்த்தியது மூன்றும் அரசுகளின் செயல்கள். இத்தோட்டங்களே அம்மக்களின் மறுவாழ்வுக்காக என்று சொல்லித் தொடங்கப்பட்டவை. தாமாக வந்து ஒண்டியவரிடம் 'எப்போது போவாய்' என்று கேட்பதைப் போல, ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவரப்பட்டவரிடம் கேட்க முடியாது. மாற்று வீட்டை அவர்கள் கருணையாகக் கோரவில்லை. ஒப்பந்தக் கடமையின் எஞ்சிய பகுதியாகக் கோருகிறார்கள். மனுவின் முதல் பத்தியிலேயே இதை எழுத வேண்டும்.

அதற்குச் சான்று வேண்டும். முதல் தலைமுறையினர் வேகமாக மறைந்து வருகிறார்கள். தேவாலாவின் மழையில் டிரங்குப் பெட்டிக்குள்ளும் காகிதம் பூஞ்சை பிடிக்கிறது. விடுமுறையில் ஊர் வரும் மாணவர்கள் தங்கள் வீட்டிலும் பக்கத்து லயன்களிலும் இந்தியப் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, மண்டபத்தில் தந்த சீட்டுகள், டேன்டீயின் பணி நியமன உத்தரவு ஆகியவற்றைத் தேடி, இரு பக்கமும் ஒளிப்படம் எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். தூதரக எழுத்தர் 'மாரியாயி'யை 'மரியாய்' என்று எழுதியிருந்தால், ஆதாரிலுள்ள பெயருடன் பொருந்த ஒரு பிரமாணப் பத்திரம் தேவைப்படும். மூலத்தை லேமினேட் செய்ய வேண்டாம். முத்திரையைச் சோதிக்க நேர்ந்தால் பிளாஸ்டிக்கைப் பிரிக்கும்போது மையும் சேர்ந்து வந்துவிடும்.